எப்படி வேணும்னு கேட்டுப் போடுற முட்டை

மன்னார்குடியிலேர்ந்து நீடாமங்கலம் போற ரோட்டுல ஒரு ராத்திரிக் கடை இருக்கு. பேர் எழுதின பலகை கிடையாது. கீத்துக் கொட்டகை, வாசல்ல ரெண்டு கல்லு, ஒரு டியூப் லைட்டு, அவ்வளவுதான். பெரிய கல்லுல அண்ணன் புரோட்டா போடுவார். சின்னக் கல்லுல அவர் வீட்டுக்கார அக்கா முட்டை போடுவாங்க. புரோட்டா சுமார், அதைப் பத்தி எழுத ஒண்ணும் இல்லை. நான் எழுத வந்தது அந்தச் சின்னக் கல்லைப் பத்தி. இந்தப் பக்கம் முட்டை சாப்பிட இதைவிட நல்ல கடை எனக்குத் தெரிஞ்சு இல்லை.

காரணம் ரொம்பச் சின்னது. அந்த அக்கா கேப்பாங்க. "ஆஃப்பாயிலா ஆம்லெட்டா"ங்கிற கேள்வியை எல்லாக் கடையிலயும் கேக்குறாங்க. இவங்க அதுக்கு மேலயும் கேப்பாங்க. மஞ்சள் ஓடணுமா, லேசா கட்டணுமா? ஓரம் முறுகணுமா, வெள்ளையா இருக்கணுமா? மிளகு போதுமா, பச்சை மிளகாயும் வேணுமா? ரெண்டாவது தடவை போனா கேக்கவே வேண்டாம், ஆளைப் பார்த்ததும் கை அதுபாட்டுக்குப் போயிடும். நான் தையல் கடை வச்சிருக்கேன். ஒருத்தர் அளவு ஜாக்கெட்டை இன்னொருத்தருக்குக் கொடுத்து "போட்டுக்கங்க, துணி ஒண்ணுதானே"ன்னு சொல்ல முடியுமா? முட்டை விஷயத்துல மட்டும் ஊர் பூரா அப்படித்தான் நடக்குது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில ஆஃப்பாயில் கேட்டேன். திருப்பிப் போட்டு, மஞ்சளை உடைச்சு, கருக வச்சுக் கொண்டாந்தாங்க. கேட்டதுக்கு, "உள்ள போனா எல்லாம் ஒண்ணுதாங்க"ன்னு பதில். அந்தப் பேச்சு எனக்கு அப்படியே மனசுல நின்னுடுச்சு. சாப்பிடுறவங்களுக்கு ஒண்ணு இல்லை. அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல்ல என் ஆஃப்பாயில். எனக்கு வெள்ளைக்கரு முழுசா வெந்திருக்கணும். ஒரு சொட்டு வழுவழுப்புகூட இருக்கக் கூடாது. ஓரம் பழுப்பாகி மொறுமொறுன்னும் ஆகக் கூடாது. ஆனா மஞ்சள் ஓடணும், அதுவும் சூடா ஓடணும். கேக்கச் சுலபமா இருக்கும், செய்யறது கஷ்டம். வெள்ளைக்கரு 60 டிகிரி தாண்டினதும் இறுக ஆரம்பிச்சாலும், நல்லாக் கெட்டியாக 80 டிகிரி கிட்டப் போகணும். மஞ்சள்கரு 65லேர்ந்து 70 டிகிரிக்குள்ளயே கட்ட ஆரம்பிச்சிடும். அதாவது எது இறுகணுமோ அதுக்குச் சூடு ஜாஸ்தி வேணும், எது இறுகக் கூடாதோ அது சீக்கிரமே இறுகிடும். ரெண்டும் ஒரே கல்லு மேல, ஒட்டிக்கிட்டு இருக்கு. இதுல கணக்குத் தப்பாம எடுக்குறதுதான் கைவேலை.

அக்கா செய்யறதைக் கல்லுக்குப் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். முதல்ல கல்லுல ஒரு கை தண்ணி தெளிப்பாங்க. சுர்ருன்னு ஆவி கிளம்பும். தென்னங்குச்சி விளக்குமாத்தால ஒரு தேய். அந்தத் தண்ணி கல்லைச் சுத்தம் பண்றதுக்கு மட்டும் இல்லை, சூட்டை இறக்குறதுக்கு. அப்புறம் முட்டையை நேரா கல்லுல உடைக்க மாட்டாங்க. ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்துல உடைச்சு, மோந்து பார்த்து, கிண்ணத்தைக் கல்லோட ஒட்ட வச்சுச் சாய்ச்சு விடுவாங்க. மஞ்சள் குதிக்காம, நடுவுல வந்து உக்காந்துக்கும். மஞ்சளைச் சுத்தி இருக்கிற வெள்ளைதான் தடிமனா இருக்கும், கடைசியில வேகுறதும் அதுதான். அந்த இடத்தைக் கரண்டி நுனியால ரெண்டு கீறு கீறி விடுவாங்க, வெள்ளை இறங்கிக் கல்லைத் தொடும். ஓரத்துல ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு ஒரு மூடியைக் கவுத்துடுவாங்க. உள்ள கட்டுன ஆவி மேல்பக்கத்தை வேக வைக்கும். மூடியைத் திறந்தா மஞ்சள் மேல ஒரு மெல்லிசு வெள்ளைப் படலம் போத்தின மாதிரி இருக்கும். உப்பு அப்பத்தான், மிளகும் அப்பத்தான். மிளகு மாவா இருக்காது, ஒண்ணு ரெண்டா இடிச்சது. கிள்ளின வாழை இலையில தள்ளிக் கொடுப்பாங்க. எண்ணெய் இலையில ஓடாது.

இதை எப்படிச் சாப்பிடணும்ங்கிறதுலயும் ஆளுக்கு ஒரு பழக்கம். புரோட்டாவைப் பிச்சு மஞ்சள்ல தொட்டுச் சாப்பிடுறவங்க உண்டு. நான் மஞ்சளை உடைக்கவே மாட்டேன். சுத்தி இருக்கிற வெள்ளையை முதல்ல சாப்பிட்டு, நடுவை இலையோட தூக்கி, ஒரே வாயா போட்டுக்குவேன். வாய்க்குள்ளதான் அது உடையணும். அந்தச் சூடும் மிளகும் ஒண்ணா வர்ற நேரத்துக்காகவே நான் இந்தக் கடைக்குப் போறேன்.

வெள்ளை வேகலைன்னா எனக்கு ஏன் ஆகாதுன்னா, நான் வயசுக்கு வந்தப்ப ஆரம்பிச்சது. எங்க பக்கம் எல்லா வீட்டுலயும் உள்ள வழக்கம்தான். விடியக்காலையில வெறும் வயித்துல நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையா உடைச்சு வாயில ஊத்துவாங்க, அதே ஓட்டுல நல்லெண்ணெய் ஊத்தி அதையும் குடிக்கச் சொல்லுவாங்க. அப்புறம் உளுந்தங்களி. களி எனக்கு இன்னைக்கும் உசுரு. அந்தப் பச்சை முட்டை தொண்டையில இறங்குன வழவழப்பும் கவிச்சியும் இன்னும் போகலை. இடுப்புக்குப் பலம்னு அம்மாவும் ஆச்சியும் அக்கறையாத்தான் செஞ்சாங்க, அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா வெந்த முட்டையில உள்ள புரதம்தான் உடம்புல நல்லாச் சேரும், பச்சையில அவ்வளவு சேராது. என் பொண்ணுக்கு அந்த வேளை வந்தப்ப நான் அவிச்சுத்தான் கொடுத்தேன். அவளுக்கு முட்டைன்னா இன்னைக்கும் ஆசை.

கடைக்கு வர்றேன். முட்டை நாமக்கல்லேர்ந்து லாரியில வருது, முப்பது முப்பதா அட்டையில. இந்த ஊர் பூரா அதேதான் வருது, அதுல பெருமைப்பட ஒண்ணும் இல்லை. ஆனா அக்கா அதைப் பிரிச்சு வைக்கிறாங்க பாருங்க, அங்கதான் விஷயம். புதுசா வந்த அட்டை கல்லுக்குப் பக்கத்துல. அஞ்சாறு நாள் ஆனது உள்ளே, அவிக்கிறதுக்கு. முதல்ல எனக்கு இது தலைகீழாத் தெரிஞ்சுது. கேட்டதுக்கு, "புது முட்டை அவிச்சா தோல் உரிக்க வராது தங்கச்சி, வெள்ளையும் சேர்ந்து பிச்சுக்கிட்டு வரும்"னாங்க. வாஸ்தவம்தான். முட்டை ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளை இருக்கு. நாள் ஆக ஆக அது வழியா கரியமில வாயு வெளியே போயி, வெள்ளைக்கருவோட தன்மை மாறிடும். அப்புறம்தான் உள்தோல் வெள்ளையை விட்டுப் பிரியும். அதே சமயம் பழைய முட்டையில வெள்ளை தண்ணியா ஓடும், மஞ்சள் தட்டையாயிடும், ஆஃப்பாயிலுக்கு ஆகாது. அதனால ஆஃப்பாயிலுக்குப் புதுசு, அவிக்க நாள்பட்டது. சந்தேகம் வந்தா வாளித் தண்ணியில போட்டுப் பார்ப்பாங்க. படுத்துக் கிடந்தா புதுசு, நட்டுக்கிட்டு நின்னா சீக்கிரம் செலவு பண்ணணும், மிதந்தா குப்பைக்கு. மிதந்ததைத் தூக்கி எறிஞ்சதை நானே பார்த்தேன். ராத்திரிக் கடையில இதைச் செய்யறவங்க எத்தனை பேர்?

அவிச்ச முட்டைன்னா எங்க வீட்டுக்காரர். மஞ்சள் மாவு மாவா உதிரணும், அதை ரசம் சோத்துலயோ சால்னாவுலயோ பிசைஞ்சு சாப்பிடணும் அவருக்கு. பள்ளிக்கூடத்துச் சத்துணவுல பழகினது. திட்டம் 1982ல வந்தாலும், தட்டுல முட்டை விழ ஆரம்பிச்சது 1989ல, அதுவும் ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. அந்த ஒண்ணுக்காக அவர் அன்னைக்கு லீவே போட மாட்டாராம். 2010லேர்ந்து வாரத்துக்கு அஞ்சு நாளும் கொடுக்குறாங்க, எங்க பொண்ணு அந்தக் காலத்துப் பிள்ளை. ரெண்டு வாரம் காத்திருந்து சாப்பிட்டவர் நாக்குல அந்த உதிர்ந்த மஞ்சள்தான் ருசின்னு தங்கிடுச்சு. நான் அதை மாத்தப் பார்க்கலை. ஆனா மஞ்சளைச் சுத்திப் பச்சையா, சாம்பலா ஒரு வளையம் வரும் பாருங்க, அது அவருக்கும் பிடிக்காது. அளவுக்கு மீறி வெந்தா வெள்ளையில உள்ள கந்தகமும் மஞ்சள்ல உள்ள இரும்பும் சேர்ந்து அப்படி ஆகும். கெடுதல் இல்லை, வாடைதான் வரும். இந்தக் கடையில அந்த வளையம் இருக்காது. கொதி வந்ததும் அடுப்பைத் தணிச்சு, பத்து நிமிஷத்துக்கு உள்ளயே இறக்கிக் குளிர்ந்த தண்ணியில போட்டுடுறாங்க. பாதியா வெட்டி, வெட்டின பக்கம் கல்லுல படுற மாதிரி வச்சு, மிளகும் கறிவேப்பிலையும் தூவி ஒரு நிமிஷம் புரட்டித் தருவாங்க. எனக்கு அவிச்ச முட்டை அவ்வளவா இறங்காது, ஆனா அதுல ஒரு துண்டு நானும் எடுத்துக்குவேன்.

எங்க அத்தைக்கு வாத்து முட்டைதான் முட்டை. மத்ததெல்லாம் அவங்களுக்கு "தண்ணி முட்டை". எழுபது வயசுக்கு மேல ஆச்சு, இன்னும் அதே பிடிவாதம். இந்தக் கடையில வாத்து முட்டை வருஷம் பூரா கிடைக்காது. அறுப்பு முடிஞ்ச வயல்ல வாத்துக்காரங்க மந்தையை இறக்குவாங்க இல்லையா, அப்பத்தான். குறுவை அறுப்புக்கு அப்புறம் கொஞ்சம், தை மாசியில சம்பா அறுத்ததும் நிறைய. சிந்தின நெல்லு, நத்தை, பூச்சி, குட்டை மீனு எல்லாம் மேஞ்சுட்டு ராத்திரி பட்டியில அடைஞ்சு, விடியறதுக்குள்ள முட்டை விட்டிருக்கும். அந்தத் தீனிக்கு மஞ்சள் நல்ல செம்மஞ்சளா இருக்கும். காலையில பட்டிக்குப் போயே அண்ணன் வாங்கிட்டு வந்துடுறார்.

வாத்து முட்டையை எல்லாருக்கும் போடத் தெரியாது. அதோட வெள்ளையில தண்ணி கம்மி, கொஞ்சம் சூடு கூடினா ரப்பர் மாதிரி இழுக்கும். கோழி முட்டை போடுற தீயில போட்டா கெட்டுப் போச்சு. அக்கா அடுப்பை நல்லாத் தணிச்சு, சின்ன வெங்காயத்தைப் பொடிசா அரிஞ்சு, கவிச்சிக்காகக் கொஞ்சம் மஞ்சள்தூளும் சோம்புத்தூளும் போட்டு அடிச்சு, கனமா ஊத்தி, மூடி போட்டு நிதானமா வேக விடுவாங்க. முழுசா வேகணும், அத்தைக்கு ஒரு இடத்துலயும் பச்சை தெரியக் கூடாது. நேரம் ஆகும். அத்தை பெஞ்சுல உக்காந்துக்கிட்டு, "அவசரப்படாதம்மா, வேகட்டும்"னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. பல்லு இல்லாத வாயில மெல்லுற அளவுக்கு மெத்துன்னு வரும்.

என் பொண்ணுக்குக் கலக்கி. திருப்பூர், கோயம்புத்தூர்னு வேலைக்குப் போய்ட்டு வந்த பசங்க கேட்டுக் கேட்டுத்தான் இங்க போட ஆரம்பிச்சதா அக்கா சொன்னாங்க. முட்டையில உப்பு, மிளகு, ஒரு கரண்டி சால்னா விட்டு அடிச்சு, சூடான கல்லுல ஊத்தின உடனே நாலு பக்கத்தையும் உள்ள மடிச்சு எடுத்துடணும். வெளியில மெல்லிசா ஒரு தோல், உள்ள கூழ். கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள முடியும். அதுல கொஞ்சம் அசந்தா ஆம்லெட் ஆயிடும். எனக்கு அந்தப் பதம் ஒத்துக்காது, மேலே சொன்ன அதே காரணம்தான். ஆனா பொண்ணு சாப்பிடுறதைப் பார்க்கப் பிடிக்கும். சால்னா சேர்றதால அவ புரோட்டாவே இல்லாம ரெண்டு கலக்கியோட எழுந்துடுவா.

இன்னொண்ணு சொல்லணும், இந்தக் கடை மேல எனக்கு மரியாதை கூடினது அன்னைக்குத்தான். மாசமா இருந்த ஒரு பொண்ணு, ஏழு எட்டு மாசம் இருக்கும், புருஷனோட வந்து ஆஃப்பாயில் கேட்டுச்சு. அக்கா, "இப்ப வேண்டாம்மா, நல்லா வேக வச்சே தர்றேன், புள்ளை பொறந்த பிறகு வா, எப்படி வேணா போட்டுத் தர்றேன்"னு சொல்லிட்டு, ரெண்டு பக்கமும் வேக வச்சுக் கொடுத்தாங்க. சரியான பேச்சு. அரைவேக்காட்டு முட்டையில சால்மொனெல்லாக் கிருமி இருந்தா, கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைங்களுக்கும் வயசானவங்களுக்கும்தான் ரொம்பப் படுத்தும். கேட்டதைக் கொடுத்துக் காசு வாங்கிக்கலாம். அவங்க அப்படிச் செய்யலை. அந்தப் பொண்ணும் முகம் சுளிக்காம சாப்பிட்டுச்சு.

ஞாயித்துக்கிழமை உடைச்சு ஊத்தின முட்டைக் குழம்பு உண்டு. கொதிக்கிற புளிக்குழம்புல முட்டையை ஒவ்வொண்ணா உடைச்சு விட்டு, கரண்டியே போடாம தீயைக் குறைச்சு விட்டுடுவாங்க. புளிப்புக்கு வெள்ளை சட்டுனு பிடிச்சுக்கும், சிதறாது. ஆளுக்கு ஒரு முட்டைதான், எட்டரைக்குள்ள தீர்ந்துடும். சோறும் அன்னைக்கு மட்டும்தான்.

குறை இல்லாம இல்லை. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அக்கா குழம்புப் பக்கம் போயிட்டா சின்னக் கல்லுல அவங்க பையன் நிப்பான். நல்ல பையன், காலேஜ் படிக்கிறான், ஆனா கல்லு சூட்டை இறக்க மாட்டேங்கிறான். அவன் போட்ட ஆஃப்பாயில்ல ஓரம் பழுப்பாகி, நடு வெள்ளை வேகாம வந்துச்சு. அவன் நிக்கும்போது ஆம்லெட் வாங்குங்க, அது நல்லாவே போடுறான். என் தம்பி மாதிரி முறுகலா, ஓரம் சிவக்கச் சாப்பிடுறவங்களுக்கு அவன் கைதான் சரி. கை கழுவுற இடத்துல வெளிச்சம் பத்தலை. மழை பேஞ்சா கொட்டகையில ஒரு மூலை ஒழுகுது, அந்தப் பக்கம் உக்காராதீங்க. தண்ணி கேன் வச்சிருக்காங்க, டம்ளரைத்தான் இன்னும் நல்லாக் கழுவலாம்.

பொம்பளைங்க உக்கார இடம் இருக்கு. ராத்திரிப் புரோட்டாக் கடையில இது பெரிய விஷயம். கல்லுக்குப் பின்பக்கம் தட்டி வச்சு ரெண்டு பெஞ்சு போட்டிருக்காங்க. அக்கா நிக்கிற இடத்துலேர்ந்து நேராத் தெரியும். குடிச்சுட்டு வர்றவங்களை அண்ணன் உள்ளே விடுறதில்லை, பார்சல் கட்டிக் கொடுத்து அனுப்பிடுவார். என் கடையில வேலை பார்க்குற பொண்ணுங்க ரெண்டு பேரும் தீபாவளி வேலை முடிஞ்ச ராத்திரியில தனியாவே போய்ச் சாப்பிட்டுட்டு வந்திருக்காங்க.

விலை நான் கடைசியாப் போனப்ப ஆஃப்பாயில் 15 ரூபாய், ஆம்லெட் 20, கலக்கி 20, மிளகு போட்டுப் புரட்டின அவிச்ச முட்டை 15, வாத்து முட்டை ஆம்லெட் 30. நாமக்கல் விலை தினமும் ஏறுது இறங்குது, இவங்க அதுக்கெல்லாம் விலையை மாத்திக்கிட்டு இருக்கிறதில்லை.

சாயந்தரம் ஆறரைக்குக் கல்லு சூடாகும், பத்து மணிக்குச் சாத்திடுவாங்க. புரட்டாசியில பாதி நாள் கடை இல்லை, போய் ஏமாறாதீங்க. நீடாமங்கலம் பக்கமிருந்து வர்றவங்க ரயில்வே கேட் போட்டிருந்தா நிக்கிற நேரத்தையும் சேர்த்துக் கிளம்புங்க. கலக்கி வேணும்னா ஒன்பதரைக்கு முன்னாடியே போயிடுங்க. அதுக்கு மேல சால்னா அடிக்கு வந்து உப்பு ஏறிடும், கலக்கியும் அந்த உப்பாத்தான் இருக்கும்.